பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? மின்னூட்டம், மின்னோட்டம், கொள்ளளவு: முழுமையான வழிகாட்டி

பேட்டரிக் கணக்கில் மாணவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். லேபிளில் ஓர் எண்ணைப் பார்த்ததும் அதை இன்னோர் எண்ணால் வகுத்து "இத்தனை மணி நேரம்" என்று விடை எழுதிவிடுகிறார்கள். எதை எதால் வகுக்கிறோம் என்று நின்று பார்ப்பதில்லை. மின்னூட்டம், மின்னோட்டம், நேரம், மின்னழுத்தம், ஆற்றல் என்ற வரிசையில் போனால் குழப்பத்துக்கு இடமே இல்லை. கீழே உள்ள பகுதிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

கணக்குகளுக்கு மூன்று பேட்டரிகளை எடுத்துக்கொள்கிறேன். 5,000 மில்லிஆம்பியர் மணி என்று போட்ட செல்பேசி பேட்டரி, 20,000 மில்லிஆம்பியர் மணி பவர் பேங்க், வீட்டு இன்வெர்ட்டருக்கான 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி காரீய அமில பேட்டரி. உங்கள் வீட்டில் இருப்பவற்றின் லேபிளைப் படித்து எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் பகுதியில் ஒரு செய்முறை இருக்கிறது. அதற்கு வேண்டியவை: திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல் ஒன்று, அதற்குரிய சார்ஜர், செல் ஹோல்டர், 1 வாட் தாங்கும் 10 ஓம் மின்தடையாக்கிகள் இரண்டு, டிஜிட்டல் மல்டிமீட்டர், கடிகாரம், வரைபடத்தாள். ஒரு முழுப் பகல் ஆகும் என்பதால் காலையிலேயே தொடங்க வேண்டும்.

லித்தியம் செல்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அளவுக்கு மீறி இறக்கினால் செல் கெட்டுவிடும்; முனைகள் தவறி ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கவும் கூடும். கற்றுக்கொள்ளும் கைக்கு நிக்கல் செல்தான் ஏற்றது.

2. முதலில் மின்னூட்டம்

மின்னூட்டத்தின் அலகு கூலூம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம். எனவே ஒரு கூலூம் என்பது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் சேர்ந்தது. இந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மின்னூட்டம் என்பது எண்ணிக்கை போன்ற ஓர் அளவு, அதில் நேரமும் இல்லை, வேகமும் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அடுத்து, பேட்டரிக்குள் மின்னூட்டம் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தைக் களைய வேண்டும். பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டே பலரும் பாடம் கேட்டிருப்பார்கள். தொட்டியைவிட டீசல் பம்ப் பொருத்தமானது. குழாயில் சுற்றி வருவது அதே நீர்தான். டீசல் தீர்ந்தால் பம்ப் நிற்கும், நீர் குறைவதில்லை. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எத்தனை எலக்ட்ரான்கள் புறப்படுகின்றனவோ அத்தனையும் நேர்முனைக்கு வந்து சேர்கின்றன. முழுதாக ஏறிய பேட்டரியும் தீர்ந்துபோன பேட்டரியும் மொத்தத்தில் மின்நடுநிலையில்தான் இருக்கின்றன. தீர்வது உள்ளே வினைபுரியும் வேதிப்பொருள்.

அப்படியானால் கொள்ளளவு என்பது என்ன? மின்னழுத்தம் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்வரை, வெளிச்சுற்றின் வழியே இந்த பேட்டரி எவ்வளவு மின்னூட்டத்தைச் செலுத்த முடியும் என்பதுதான் கொள்ளளவு. "குறிப்பிட்ட ஓர் எல்லை" என்ற சொற்களைக் கோடிட்டு வையுங்கள். ஆறாம், ஏழாம் பகுதிகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

3. மின்னோட்டம்: வினாடிக்கு எத்தனை கூலூம்

மின்சுற்றின் ஓர் இடத்தை ஒரு வினாடியில் ஒரு கூலூம் கடந்தால் அங்கே மின்னோட்டம் ஓர் ஆம்பியர். ஆகவே,

மின்னூட்டம் = மின்னோட்டம் × நேரம்

அரை ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடம் பாய்ந்தால் 0.5 × 600 = 300 கூலூம். நிமிடத்தை வினாடியாக மாற்றாமல் 5 கூலூம் என்று எழுதுவது தேர்வுத்தாளில் அடிக்கடி காணும் தவறு. ஆம்பியருக்குள்ளேயே வினாடி ஒளிந்திருக்கிறது. அதனால் நேரத்தையும் வினாடியில்தான் தர வேண்டும்.

இன்னொரு தவறு இதைவிட ஆழமானது. பல்புக்குள் போகும் மின்னோட்டம் அங்கே கொஞ்சம் செலவாகிக் குறைவாக வெளியே வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். சொன்னால் தலையாட்டுவார்கள், கணக்கில் பழையபடியே எழுதுவார்கள். அம்மீட்டரைப் பல்புக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை தொடரில் இணைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் காட்டும். பல்பில் செலவாவது ஆற்றல். மின்னூட்டம் முழுதாக வெளியே வருகிறது.

எலக்ட்ரான்கள் கம்பியில் பறக்கின்றன என்றும் நினைக்க வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் இருக்கும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவது.

எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பேட்டரியோடு இணைத்த கருவி. கடைகளில் "150 ஆம்பியர் பேட்டரி" என்று சொல்வதைக் கேட்டு, அது எந்நேரமும் 150 ஆம்பியர் தந்துகொண்டிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த எண் ஆம்பியர் மணி. மின்விசிறி ஒன்று மட்டும் ஓடினால் அதற்கு வேண்டிய சில ஆம்பியர்தான் வெளியே வரும்.

4. ஆம்பியர் மணியைக் கூலூமாக மாற்றிப் பாருங்கள்

ஆம்பியர் மணி என்பது ஆம்பியரை மணியால் பெருக்கியது. இதை வகுத்தல் குறியிட்டு எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று படித்த பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. பெருக்கல் என்று தெரிந்துகொண்டால் மீதி எளிது.

1 ஆம்பியர் மணி = 1 ஆம்பியர் × 3,600 வினாடி = 3,600 கூலூம். 1 மில்லிஆம்பியர் மணி = 3.6 கூலூம்.

செல்பேசி பேட்டரியின் 5,000 மில்லிஆம்பியர் மணி 18,000 கூலூம் ஆகிறது. இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் மணி 5,40,000 கூலூம். அன்றாடக் கணக்குக்குக் கூலூம் தேவைப்படாது. ஆனால் ஒருமுறையாவது மாற்றிப் பார்த்தவர்கள் ஆம்பியர் மணியை ஆற்றலோடு குழப்புவதில்லை. அதற்காகவே இந்தப் படி.

5. வோல்ட்டைச் சேர்க்காமல் இரண்டு பேட்டரிகளை ஒப்பிடாதீர்கள்

மின்னூட்டம் ஒன்றாகவே இருந்தாலும் அது எந்த மின்னழுத்தத்தில் செலுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

ஆற்றல் = மின்னூட்டம் × மின்னழுத்தம்

ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி. செல்பேசி பேட்டரிகளில் 3.85 வோல்ட் போன்ற சராசரி மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும். 5 × 3.85 = 19.25 வாட் மணி. 2,000 மில்லிஆம்பியர் மணி நிக்கல் செல்லில் 2 × 1.2 = 2.4 வாட் மணி. இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 × 12 = 1,800 வாட் மணி. மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் 1,000 வாட் மணி என்பதால், அது 1.8 யூனிட்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். 20,000 பவர் பேங்க் 5,000 செல்பேசியை எத்தனை முறை ஏற்றும்? நான்கு முறை என்பது முதல் விடை, அது தவறு. பவர் பேங்கில் எழுதியிருக்கும் 20,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கானது. ஆற்றல் 20 × 3.7 = 74 வாட் மணி. யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும்போது, எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட 74 ÷ 5 = 14.8 ஆம்பியர் மணிதான் கிடைக்கும். மின்னழுத்தம் ஏறினால் மின்னூட்டக் கணக்கு இறங்கியே தீர வேண்டும். ஆற்றல் எங்கிருந்தோ முளைக்காது.

இழப்பையும் சேர்ப்போம். பவர் பேங்கின் சுற்று தனக்கு வரும் ஆற்றலில் 85 விழுக்காடு, செல்பேசிக்குள் இருக்கும் சார்ஜிங் சுற்றும் 85 விழுக்காடு கடத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 74 × 0.85 × 0.85 = சுமார் 53.5 வாட் மணி பேட்டரிக்குப் போய்ச் சேரும். அதை 19.25 ஆல் வகுத்தால் 2.8 முறை. பல பவர் பேங்குகளின் பின்புறம் 5 வோல்ட்டுக்கான கொள்ளளவு பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும்போது முன்புறப் பெரிய எண்ணை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

விமான நிறுவனங்களும் பவர் பேங்கை வாட் மணியில்தான் பார்க்கின்றன. 100 வாட் மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது என்பது பொதுவான விதி. 20,000 என்றால் 74 வாட் மணி, தடையில்லை. 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் கூடுதல் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

6. எந்த வேகத்தில் இறக்கும்போது அந்தக் கொள்ளளவு?

இன்வெர்ட்டர் பேட்டரியின் லேபிளில் 150 ஆம்பியர் மணிக்குப் பக்கத்தில் சி20 என்று எழுதியிருப்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை. 20 மணி நேரத்தில் சீராக இறக்கினால் 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். பேட்டரியின் மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது நிறுத்தம். சி10 என்று இருந்தால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். இரண்டிலும் 150 என்றே எழுதியிருந்தாலும் சி10 பேட்டரிதான் வலுவானது, ஏனென்றால் வேகமாக இறக்கும்போதும் அது அதே மின்னூட்டத்தைத் தருகிறது.

காரீய அமில பேட்டரியை வேகமாக இறக்கினால் ஏன் கொள்ளளவு குறைகிறது? தகட்டின் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் சீக்கிரம் நீர்த்துவிடுகிறது. வெளியே இருக்கும் அமிலம் உள்ளே ஊடுருவ நேரம் போதவில்லை. அதோடு, பேட்டரியின் அகமின்தடையில் (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையில்) மின்னழுத்தம் கூடுதலாக விழுகிறது. வேதிப்பொருள் மிச்சமிருக்கும்போதே முனைகளில் 10.5 வோல்ட் வந்துவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் பேட்டரி "மீண்டும் உயிர் பெறுவது" இதனால்தான்.

கணக்காகப் பார்ப்போம். மின்வெட்டின்போது 70 வாட் மின்விசிறி நான்கும், 10 வாட் எல்இடி பல்பு இரண்டும் ஓடுகின்றன. மொத்தம் 300 வாட்.

முதல் படி, அவசரக் கணக்கு: 1,800 ÷ 300 = 6 மணி. இது நடக்காது.

இரண்டாம் படி, இன்வெர்ட்டரின் இழப்பு. திறன் 80 விழுக்காடு என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 375 வாட் இழுக்கப்படும். 375 ÷ 12 = 31.25 ஆம்பியர். 150 ÷ 31.25 = 4.8 மணி.

மூன்றாம் படி, இறக்கும் வேகத்துக்கான திருத்தம். வேகமாக இறக்கும்போது நேரம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் பாய்கெர்ட் விதி இதற்குப் பயன்படுகிறது. 31.25 ஐ சி20 இல் இருக்கும் 20 மணியால் பெருக்கி, அதனால் 150 ஐ வகுத்தால் 0.24. காரீய அமில பேட்டரிக்கு அடுக்கு எண் பெரும்பாலும் 1.1 முதல் 1.3 வரை, 1.2 என்று எடுத்தால் 0.24 இன் 1.2 ஆம் அடுக்கு சுமார் 0.18. அதை 20 ஆல் பெருக்கினால் 3.6 மணி.

ஆறு மணி என்று நம்பியவருக்கு மூன்றரை மணிதான் கிடைக்கிறது, அதுவும் புதிய பேட்டரியில். பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்த மூன்று படிகளைப் போட்டுப் பாருங்கள்.

இதே வீட்டில் நான்கு மின்விசிறிகளையும் 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) வகையாக மாற்றினால் மொத்தம் 140 வாட். அதே வழியில் போட்டால் 14.6 ஆம்பியர், சுமார் 9 மணி நேரம். சுமை பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்க, நேரம் இரண்டரை மடங்காகிறது. பெரிய பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் மின்விசிறியை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லித்தியம் பேட்டரிகளில் இந்த வேக விளைவு மிகவும் குறைவு. அங்கே மூன்றாம் படியைத் தவிர்த்துவிடலாம்.

7. ஒரு செல்லை நீங்களே அளந்து பாருங்கள்

மேலே சொன்ன எல்லாமே காகிதத்தில்தான் இருந்தன. ஒரு செல்லின் கொள்ளளவைக் கையால் அளந்தவருக்கு மின்னூட்டம் என்பது சூத்திரமாக மட்டும் இருக்காது.

அ. செல்லை முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மின்னழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும், அது அடங்கட்டும்.

ஆ. இரண்டு 10 ஓம் மின்தடையாக்கிகளைப் பக்க இணைப்பில் முறுக்கி 5 ஓம் ஆக்குங்கள். 1.2 வோல்ட்டுக்கு 0.24 ஆம்பியர் பாயும். 2,000 மில்லிஆம்பியர் மணி செல்லுக்கு எட்டு மணி நேரம் போல வரும். ஒவ்வொன்றிலும் வெளிப்படும் வெப்பம் 0.15 வாட் அளவு; 1 வாட் தாங்கும் மின்தடையாக்கி என்பதால் சூடு கையைச் சுடாது, மின்தடையின் மதிப்பும் வெப்பத்தால் மாறாது.

இ. சுற்றில் இணைக்கும் முன் மின்தடையை அளந்துகொள்ளுங்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.2, 0.3 ஓம் என்று காட்டும். அது கம்பிகளின் மின்தடை. அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். 5 ஓமில் 0.3 ஓம் பிழை என்றால் முடிவில் 6 விழுக்காடு பிழை.

ஈ. செல்லை ஹோல்டரில் போட்டு, மின்தடையாக்கியை இணைத்து, நேரத்தைக் குறியுங்கள். மின்தடையாக்கியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அரை மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் அந்த நேரத்து மின்னோட்டம்.

அம்மீட்டரையே வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். அம்மீட்டருக்கும் அதன் கம்பிகளுக்கும் சொந்த மின்தடை உண்டு. சிறிய சுற்றில் அது மின்னோட்டத்தையே குறைத்துவிடும். மேலும், சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு, மறதியாக பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து வோல்ட் பார்ப்பது எல்லா ஆய்வகத்திலும் நடக்கும் விபத்து. அது நேரடியான குறுக்குச்சுற்று. பென்சில் செல்லில் கம்பி சூடாவதோடு போகும். இன்வெர்ட்டர் பேட்டரியில் தீப்பொறி பறக்கும்.

உ. செல்லின் முனைகளில் நேரடியாக அளக்கும் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கத் தொடங்குங்கள். நிக்கல் செல் பல மணி நேரம் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று, கடைசியில் சரசரவென்று விழும். அந்தச் சரிவைத் தவறவிட்டால் செல் அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

ஊ. செல்லின் முனைகளில் 1.0 வோல்ட் வந்ததும் சுற்றைத் துண்டியுங்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன "குறிப்பிட்ட எல்லை" இதுதான். உற்பத்தியாளர்களும் இந்தச் செல்லுக்கு 1.0 வோல்ட் வரை இறக்கித்தான் கொள்ளளவைக் குறிக்கிறார்கள். 0.8 வரை விட்டு அளந்தால் உங்கள் எண்ணை லேபிளோடு ஒப்பிட முடியாது.

எ. கணக்கிடுங்கள். ஓர் அரை மணியின் தொடக்கத்தில் 1.28, முடிவில் 1.26 வோல்ட் என்றால் சராசரி 1.27. 5 ஓமால் வகுத்தால் 0.254 ஆம்பியர். 1,800 வினாடியால் பெருக்கினால் 457 கூலூம், அதாவது 127 மில்லிஆம்பியர் மணி. இப்படி ஒவ்வோர் இடைவெளிக்கும் போட்டுக் கூட்டுங்கள். வரைபடத்தாளில் நேரத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்தால், கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் அந்த மொத்த மின்னூட்டம். கட்டங்களை எண்ணியும் சரிபார்க்கலாம்.

கூட்டுத்தொகை 1,800 வந்தால் செல்லில் லேபிள் சொன்னதில் 90 விழுக்காடு இருக்கிறது. 1,200 வந்தால் அது பழைய செல், அல்லது முதலிலேயே முழுதாக ஏறவில்லை. மறுநாள் திரும்ப ஏற்றி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

துண்டித்த பிறகு செல்லை மறுபடி அளந்து பாருங்கள். சில நிமிடங்களில் 1.2 வோல்ட்டை நெருங்கிவிடும்! தீர்ந்துபோன செல்லே இப்படிக் காட்டுகிறது என்றால், சுமை இல்லாமல் வோல்ட் பார்த்து "செல் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை எப்படி நம்புவது?

8. ஏற்றும் நேரத்தைக் கணக்கிடுவது

இறக்கும் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் ஏற்றும் நேரம் வராது. உள்ளே அனுப்பும் மின்னூட்டம் முழுவதும் வேதிமாற்றமாகச் சேமிக்கப்படுவதில்லை.

2,000 மில்லிஆம்பியர் மணி நிக்கல் செல்லை மெதுவாக ஏற்றும் முறையில் 200 மில்லிஆம்பியர் வீதம் 16 மணி நேரம் வைப்பார்கள். அது 3,200 மில்லிஆம்பியர் மணி. கூடுதலாகப் போன 1,200 பக்க வினைகளிலும் வெப்பத்திலும் போகிறது. செல் கடைசியில் இளஞ்சூடாவது இதனால்தான். லித்தியத்தில் மின்னூட்ட இழப்பு மிகக் குறைவு, ஏறக்குறைய போட்டதெல்லாம் திரும்ப வரும். ஆனால் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டபின் சார்ஜர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. கடைசி 15, 20 விழுக்காடு இழுத்துக்கொண்டே போவது அதனால்.

செல்பேசிக்கு ஒரு பொதுவான தவறு: 5,000 ஐ சார்ஜரின் 2 ஆம்பியரால் வகுத்து 2.5 மணி என்பது. சார்ஜரின் 2 ஆம்பியர் 5 வோல்ட்டில் வருகிறது. பேட்டரிக்குள் போவது வேறு மின்னழுத்தத்தில். வாட்டில் போடுங்கள். 5 × 2 = 10 வாட்; 90 விழுக்காடு உள்ளே போனால் 9 வாட்; 19.25 ÷ 9 = 2.1 மணி. கடைசிக் கட்ட இழுவைக்கு இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளலாம்.

9. ஒன்றுக்கு மேற்பட்ட பேட்டரிகளை இணைக்கும்போது

தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், ஆம்பியர் மணி அப்படியே இருக்கும். பக்க இணைப்பில் ஆம்பியர் மணி கூடும், வோல்ட் அப்படியே இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரிகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பக்கத்தில் இணைத்தால் 12 வோல்ட், 300 ஆம்பியர் மணி. எப்படி இணைத்தாலும் 3,600 வாட் மணிதான். தொடரில் ஆம்பியர் மணியையும் கூட்டிவிட்டால் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். விடையைச் சரிபார்க்க வாட் மணி ஒன்று போதும்.

தொடரில் ஏன் ஆம்பியர் மணி கூடுவதில்லை என்பதற்கு மூன்றாம் பகுதிக்குப் போக வேண்டும். ஒரே பாதை, ஒரே மின்னோட்டம். முதல் பேட்டரி வழியே போகும் அதே கூலூம்தான் இரண்டாவதன் வழியாகவும் போகிறது.

பழையதும் புதியதுமாகக் கலந்து இணைக்காதீர்கள். தொடரில் கொள்ளளவு குறைந்த செல் முதலில் தீரும். மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ள, அதன் முனைகள் தலைகீழாகி அந்தச் செல் கெட்டுவிடும். டார்ச்சில் ஒரு செல்லை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பக்க இணைப்பிலோ, வோல்ட் கூடிய பேட்டரி குறைந்ததற்குள் கட்டுப்பாடின்றி மின்னோட்டத்தைச் செலுத்தும். இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியே முழுதாக ஏற்றி, வோல்ட் சமமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள்.